விண்ணப்பம் வந்து சேர்ந்த பிறகு: நிகழ்ச்சி அனுமதிப் பரிசீலனை மென்பொருளுடன் சில ஆண்டுகள்

பொது இடங்களில் நடக்கும் ஓட்டப் பந்தயங்கள், இசை நிகழ்ச்சிகள், கண்காட்சிகள், ஊர்வலங்கள் ஆகியவற்றுக்கு வரும் அனுமதி விண்ணப்பங்களை ஒருங்கிணைக்கும் பணியில் இருக்கிறேன். அதற்காக இணையவழிப் பரிசீலனை மென்பொருள் ஒன்றைச் சில ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய மென்பொருள்களை விற்பவர்கள் விண்ணப்பப் படிவத்தைத்தான் விரிவாகக் காட்டுவார்கள். படிவம் வந்து சேர்ந்த பிறகு காவல், தீயணைப்பு, போக்குவரத்து, சுகாதாரம் எனப் பல துறைகளின் கைகளில் கோப்பு என்ன ஆகிறது என்பதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு நிகழ்ச்சி பாதுகாப்பாக நடப்பதும் நடக்காமல் போவதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது என்பதால், இந்தப் பகிர்வை அதற்கு மட்டுமே ஒதுக்குகிறேன்.

காகிதக் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்த காலத்தில், வரிசையில் கடைசியாக இருந்த துறைக்கு யோசிக்க நேரமே மிஞ்சாது. மென்பொருள் எல்லாத் துறைகளுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பத்தை அனுப்புவதால் அந்த அநீதி பெருமளவு நீங்கியது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட முடியாது. எந்தச் சாலை அடைக்கப்படும் என்பதைப் போக்குவரத்துப் பிரிவு முடிவு செய்யாத வரையில், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பதை மருத்துவ ஏற்பாடுகளைப் பார்ப்பவர் உறுதி செய்ய இயலாது. இப்படி ஒன்றைச் சார்ந்து ஒன்று நிற்கும் பரிசீலனைகளை முன்கூட்டியே விதிகளாகப் பதிய முடிவது இந்த மென்பொருளின் உண்மையான பலம். கூடாரம், ஜெனரேட்டர், சமையல் எரிவாயு, சாலை அடைப்பு ஆகியவை உண்டா என்ற கேள்விகளுக்கு விண்ணப்பதாரர் தரும் பதிலை வைத்தே எந்தத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மேடையும் கூடாரமும் இல்லாத சிறிய நடைப்பயணம் தீயணைப்புத் துறையின் நேரத்தை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த விதிகளைச் செம்மைப்படுத்தத்தான் தொடக்க மாதங்களின் உழைப்பு பெரும்பாலும் செலவானது.

நிலையைக் காட்டும் முறையில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே மனக்குறை இருந்தது. 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரி விண்ணப்பதாரருக்கும் உதவாது, எங்களுக்கும் உதவாது. கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, எந்த நாளிலிருந்து இருக்கிறது, அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது நிலை அறிவிப்பு. உட்புறத் திரையில் இவை முதலிலிருந்தே இருந்தன. விண்ணப்பதாரரின் திரையிலும் இவற்றைக் காட்டும்படி அமைப்பை மாற்றிய பிறகு, நிலையைக் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் கண்கூடாகக் குறைந்தன. காப்பீட்டுச் சான்றுக்காகவே கோப்பு நிற்கிறது என்று தெரிந்தவர் அதை அன்றே பதிவேற்றிவிடுகிறார்.

காலக்கெடுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, 500 பேருக்கும் குறைவானோர் கூடும் தற்காலிக நிகழ்ச்சிகளுக்கு அறிவிப்பு கொடுத்தால், காவல் துறையும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவும் 3 வேலை நாள்களுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபம் வராவிட்டால் நிகழ்ச்சி நடக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் ஏற்றுக்கொண்ட சிகாகோ பூங்கா நிர்வாகத்தின் விதியோ வேறு வகையானது. அங்கே 14 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தேவையானால் இன்னொரு 14 நாள் நீட்டிக்கலாம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், இயன்றவரை குறையைச் சரிசெய்யும் வழியையும் சொல்ல வேண்டும். இரண்டிலும் கெடு அதிகாரியைக் கட்டுப்படுத்துகிறது. எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு துறைக்கும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்டால் அது நிற்கிறது, பதில் வந்ததும் மீண்டும் ஓடுகிறது. இது நியாயமான ஏற்பாடு. ஆனால் கெடு நெருங்கும்போது ஏதோ ஒரு சிறு கேள்வியை அனுப்பிக் கடிகாரத்தை நிறுத்திவிடும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் முளைக்கக்கூடும். ஆகவே கடிகாரம் எத்தனை முறை நின்றது, எந்தக் கேள்விக்காக நின்றது என்பதைக் காட்டும் அறிக்கையை மாதந்தோறும் எடுத்துப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

இந்த மென்பொருளில் நான் மிகவும் மதிப்பது தள வரைபடத்தின் பதிப்புகளை அது கையாளும் விதம். விண்ணப்பம் கொடுத்த பிறகும் வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும். 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட திடலில் 3,000 பேர் நிற்பதாக வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 3 பேர் என்று கணக்கு வருகிறது. தீயணைப்புத் துறை அதற்கு ஒப்புதல் அளித்துவிடுகிறது. பிறகு அதே திடலுக்குள் 400 சதுர மீட்டரில் கடைகளைச் சேர்த்து விண்ணப்பதாரர் புதிய வரைபடம் பதிவேற்றுகிறார். எஞ்சிய 600 சதுர மீட்டரில் அதே 3,000 பேர் என்றால் சதுர மீட்டருக்கு 5 பேர், அதாவது கூட்டப் பாதுகாப்பு வல்லுநர்கள் அபாயம் என்று எச்சரிக்கும் அடர்த்தி. பழைய படத்துக்குக் கிடைத்த ஒப்புதல் புதிய படத்தின் மீது ஒட்டிக்கொண்டிருந்தால் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கள் மென்பொருள், வரைபடம் மாறிய உடனே அதைச் சார்ந்த ஒப்புதல்கள் அனைத்தையும் 'மீள்பார்வை தேவை' என்ற நிலைக்குத் தள்ளிவிடுகிறது. இது ஆய்வாளர்களுக்குச் சலிப்பைத் தருகிறது என்பதை அறிவேன். கழிப்பறை இரண்டு மீட்டர் நகர்ந்தாலும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. ஆயினும் இந்த வசதியை விட்டுக்கொடுக்க நான் ஒப்ப மாட்டேன். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 2010 ஜூலை 24 அன்று, உள்ளே வருவோரும் வெளியேறுவோரும் ஒரே சாய்தளத்தைப் பயன்படுத்த நேர்ந்த இசை விழாவின் நெரிசலில் 21 பேர் உயிரிழந்தார்கள். நுழைவழியும் வெளியேறும் வழியும் எங்கே, அவற்றின் அகலம் என்ன என்ற கேள்விகளை அத்தனை துறைகளும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நிபந்தனைகளைப் பதியும் பகுதி சுமார்தான். ஒவ்வொரு ஆய்வாளரும் தம் நிபந்தனையைத் தம் சொற்களில் எழுதுவதால், ஒரு துறை இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும்போது இன்னொரு துறை கூட்டம் படிப்படியாகக் கலைய 10.30 வரை மெல்லிய இசை ஒலிக்கட்டும் என்று எழுதியிருக்கக்கூடும். மென்பொருள் இரண்டையும் அப்படியே அனுமதிக் கடிதத்தில் அச்சிட்டுவிடும். முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது மனிதக் கண்ணின் வேலையாகவே இருக்கிறது. எனவே இறுதிக் கடிதம் போகும் முன் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் முழுவதையும் வாசித்தே ஆக வேண்டும்.

வெளித்துறை ஆய்வாளர்களை உள்ளே வரவைப்பது இன்றும் தீராத சிக்கல். அவர்களுக்கு வேறு மென்பொருள்கள் இருக்கின்றன. இதற்கென்று இன்னொரு கடவுச்சொல்லை நினைவில் வைக்க அவர்கள் விரும்புவதில்லை. மின்னஞ்சலுக்கு அனுப்பும் பதிலே கோப்பில் குறிப்புரையாகப் பதிவாகும் வசதி பின்னர் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் மின்னஞ்சலில் 'சரி' என்று எழுதுபவர் எந்தப் பதிப்பைப் பார்த்து அப்படி எழுதினார் என்பது தெளிவாவதில்லை. அதனால் ஒப்புதலை மட்டும் மென்பொருளுக்குள் வந்தே தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். தேடல் வசதியும் கைபேசித் திரையும் தரமாக இல்லை. களத்தில் நின்று கூடாரத்தின் இடைவெளியை அளக்கும் ஆய்வாளருக்குக் கைபேசிதான் அலுவலகம் என்பதால், இதைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது.

ஆண்டுக்கு ஒரு சில நிகழ்ச்சிகள் மட்டுமே நடக்கும் நிர்வாகத்துக்கு இவ்வளவு தேவையில்லை. பொதுவான ஒரு விரிதாளும் வாரம் ஒரு கூட்டமும் போதும். துறைகள் நான்கைத் தாண்டி, ஒரே வார இறுதியில் பல நிகழ்ச்சிகள் மோதும் இடங்களில் இது வாங்கத் தக்கது. வாங்குவோர் செயல்விளக்கத்தின்போது ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: ஒப்புதல் பெற்ற வரைபடத்தைத் தங்கள் கண்முன்னே மாற்றச் சொல்லி, பழைய ஒப்புதல்களுக்கு என்ன நேர்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பின் எந்த நிபந்தனை மீறப்பட்டது என்பதைப் பதிய இடம் இருக்கிறதா, அந்தப் பதிவு அதே அமைப்பாளரின் அடுத்த விண்ணப்பத்தில் ஆய்வாளரின் கண்ணில் தானாகப் படுகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். எங்கள் மென்பொருளில் முதலாவது இருக்கிறது. இரண்டாவதற்கு இன்னும் பழைய கோப்பைத் தேடித் திறக்க வேண்டியிருக்கிறது.