தொலைவிலிருந்து தீவிர சிகிச்சை: காலைச் சுற்றா, இரவு பகல் கண்காணிப்பா?

ஆறு படுக்கைகள் கொண்ட எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முழுநேர நிபுணர் கிடைக்கவில்லை. தொலை மருத்துவம்தான் என்று முடிவானதும் இரண்டு வழிகள் தெரிந்தன. காலையில் ஒரு நிபுணர் காணொளியில் வந்து ஒவ்வொரு நோயாளியையும் பார்த்து ஆலோசனை சொல்வது ஒன்று. மானிட்டர், வென்டிலேட்டர் எண்களை ஒரு மையத்தில் மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாகக் கவனிப்பது மற்றொன்று. முதலாவதை ஐந்து மாதம் நடத்திவிட்டு இரண்டாவதற்கு மாறினோம்.

செலவு முதலாவதில்தான் குறைவு. ஒரு நல்ல கேமராவும் இணையமும் போதும். தேவையற்ற ஆன்டிபயாடிக்குகளை அந்தக் காலைச் சுற்று நிறுத்தவும் செய்தது. ஆனால் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) நோயாளியின் ரத்த அழுத்தம் அதிகாலை மூன்று மணிக்குச் சரியும்போது டூட்டி டாக்டர் தனியாக நிற்பார். மூத்தவரை எழுப்பலாமா என்று தயங்கியே அரை மணி நேரம் போய்விடும். பிரேசிலில் 30 ஐசியுக்களில் தினசரி காணொளிச் சுற்றைச் சோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. நோயாளிகள் ஐசியுவில் தங்கும் நாட்கள் அதனால் குறையவில்லை என்று படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை.

கண்காணிப்பு மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. மருந்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில் இத்தகைய கண்காணிப்பைப் பற்றி நடந்து 2009இல் வெளியான ஆய்வில் மொத்த இறப்பு விகிதம் குறையவில்லை. அங்கே மையத்துக்கு முழு அதிகாரம் கிடைத்தது ஏறக்குறைய 31 சதவீத நோயாளிகளுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு உயிராபத்து வந்தால்தான் தலையிடலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்து 2011இல் வெளியான ஆய்விலோ, படுக்கையருகில் இருப்பவர்கள் தாமதித்தால் மையமே தலையிட்டது. இறப்பு 13.6 சதவீதத்திலிருந்து 11.8 ஆகக் குறைந்தது. தொற்றுத் தடுப்பு நடைமுறைகளும் அதே காலத்தில் மேம்பட்டன. முழுப் பெருமையையும் அதிகாரத்துக்கே கொடுத்துவிட முடியாது.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம்: இரவு ஒன்பதுக்கு மேல் நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து) அளவு, வென்டிலேட்டர் அமைப்பு, திரவம் ஆகியவற்றை மைய மருத்துவரே நேரடியாக உத்தரவிடலாம். "என் நோயாளிக்கு முகம் தெரியாதவர் மருந்து எழுதுவதா?" என்று இரண்டு மூத்த மருத்துவர்கள் கோபித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. விடிந்தால் உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே. ஒவ்வொரு உத்தரவும் காலை ஏழுக்குள் அவர்களுக்கு எழுத்தில் போகும் என்ற பிறகு ஒருவர் சம்மதித்தார்.

எட்டு மாதம், ஆறு படுக்கைகள். இதை வைத்து இறப்பு குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரவில் செவிலியர்கள் தயங்காமல் அழைக்கிறார்கள் என்பதை மட்டும் கண்ணால் பார்க்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பின் ஓரிரவு தங்குபவர்களே பெரும்பாலும் வரும் இடத்துக்குக் காலைச் சுற்றே போதுமாக இருக்கலாம். சம்மதிக்காத மற்றவரின் நோயாளிகளுக்கு இன்றும் கேஸ் ஷீட்டில் சிவப்பு ஒட்டு உண்டு. அவர்களுக்கு மட்டும் மையம் முதலில் அவரைத்தான் எழுப்ப வேண்டும்.