மூன்று வருட மின்சார கார்: ரேஞ்சைத் தின்றது என் கால் அல்ல, வேகம்

முதல் வருடம் முழுக்க ஆக்சிலரேட்டரைப் பூப்போலத்தான் மிதித்தேன். சிக்னலில் பச்சை விழுந்தாலும் பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிக்கும் அளவுக்கு மெல்ல நகர்வேன். நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் மட்டும் 110. மெதுவாகத்தானே வேகமெடுத்தோம், ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், கூடும் என்று நினைப்பு. கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

வேகமெடுக்கப் போகும் மின்சாரம் அப்படியொன்றும் அதிகமில்லை. 1,600 கிலோ கார் 100 கி.மீ. வேகத்தை எட்டும்போது அதில் சேரும் ஆற்றல் சுமார் 0.17 யூனிட்தான். காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பியும் விடுகிறது. காற்றைத் தள்ளச் செலவானது திரும்பி வரவே வராது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 80-க்குப் பதில் 110-இல் போனால் அதே தூரத்துக்குக் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 1.9 மடங்கு ஆற்றல் போகிறது. என் காரில் 80-இல் 100 கி.மீ.க்கு 13 யூனிட் காட்டும், 110-இல் 18. பெட்ரோல் காரில் ஊருக்குள்தான் மைலேஜ் அடிவாங்கும், இதில் நேர்மாறு.

ஏ.சி.யைப் பற்றிப் பலர் பயமுறுத்தினார்கள். நீண்ட பயணத்தில் அதன் பங்கு சின்னது. நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் தெரிகிறது.

அப்புறம் ரீஜென், அதாவது காலை எடுத்ததும் மோட்டாரே காரை மெதுவாக்கி மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பும் அந்த வசதி. அதிகபட்சத்தில் வைத்தால் ரேஞ்ச் கூடும் என்று நம்பி, காலை எடுப்பதும் மிதிப்பதுமாக ஓட்டினேன். பின் சீட்டில் இருந்தவர்களுக்குக் குமட்டல்தான் வந்தது. பேட்டரிக்குப் போய் மறுபடி சக்கரத்துக்கு வரும்போது இரண்டு முறையும் கொஞ்சம் இழப்பு உண்டு. தூரத்திலேயே சிவப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா உருளவிடுவது அதைவிட மேல். இன்னொன்று: முழு சார்ஜோடு கிளம்பினால் ரீஜென் சரியாகப் பிடிக்காது, பேட்டரியில் இடமில்லை அல்லவா. முதல் தடவை ஒரு இறக்கத்தில் கார் பிடி கொடுக்காமல் ஓட, பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன்.

ஒருமுறை தம்பி இரண்டு நாள் வெளியூர் ஓட்டிவிட்டுத் திருப்பித் தந்தான். முழு சார்ஜில் 50 கி.மீ. குறைவாகக் காட்டியது. பேட்டரி போச்சு என்றே முடிவுகட்டினேன். திரையில் தெரியும் எண் சமீபத்தில் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் மதிப்பீடுதான் என்பது பிறகுதான் புரிந்தது. நான் ஓட்டிய ஒரு வாரத்தில் பழைய எண் வந்துவிட்டது. இப்போது அவன் சாவி கேட்டால், "ஊருக்குள்ளயா, ஹைவேயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.