வீட்டுக்கே வந்து சினை ஊசி போடும் சேவை: ஒன்றரை வருட அனுபவம்

எங்கள் கொட்டகையில் நாலு உருப்படி. செவலை, கருப்பி, வெள்ளச்சி, அப்புறம் செவலையின் மகள் ஒரு கிடேரி. காளை வைத்துக்கொள்ளவில்லை. அதனால் எங்கள் வருமானமே காளை விந்தைச் சினை ஊசியாகப் போட வருபவரின் கையில்தான் இருக்கிறது.

முன்பு வந்துகொண்டிருந்தவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இப்போது வரும் தம்பியை நான் ஏன் இப்படி மெச்சுகிறேன் என்பது விளங்காது. முன்பு வந்தவர் குடுவையிலிருந்து விந்துக் குச்சியை (உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழாய்) எடுப்பார், உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். மாட்டிடம் போனால் இரண்டே நிமிடம். செவலைக்கு இப்படி மூன்று பருவம், அதாவது மாடு காளை தேடும் மூன்று தடவை, போட்டார், மூன்றும் சினை நிற்கவில்லை. ஒரு பருவம் தவறினால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான். மூன்று போனால் இரண்டு மாதத் தீனி வீண். "மாட்டுல கோளாறு, தள்ளிவிட்டுடுங்க" என்றார். நானும் அதை நம்பி வியாபாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். செவலையின் முகத்தைப் பார்க்க மனசு வராமல்தான் கடைசியாக ஒருமுறை இந்தச் சேவையைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

போனை எடுத்ததும் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு முதல்ல கத்துச்சு அக்கா? மேல ஏறினா அசையாம நிக்குதா?" காலை ஆறு மணிக்கு என்றேன். "அப்ப சாயந்திரம் வரேன்" என்றார். உடனே வராமல் இருக்கிறாரே என்று கோபம்தான் வந்தது. சாயந்திரம் வந்து விளக்கினார்: பருவம் 12 முதல் 18 மணி நேரம்வரை இருக்கும், கருமுட்டை வெளிவருவது பருவம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. விந்து முன்கூட்டியே உள்ளே போய்த் தயாராக இருக்க வேண்டும், ரொம்ப முன்னாலும் போகக்கூடாது. காலையில் பருவம் தெரிந்தால் அன்று சாயந்திரம், சாயந்திரம் தெரிந்தால் மறுநாள் காலை. இத்தனை வருடம் மாடு வளர்த்தும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிளாஸ்க்கில் வெந்நீர், அதில் வெப்பமானி. 37 டிகிரி காட்டும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்தார். குடுவைக்குள் இருப்பது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். குச்சிகள் இருக்கும் கூட்டைக் குடுவையின் கழுத்துக்கு மேலே வர விடாமல் இடுக்கியால் ஒன்றை மட்டும் எடுத்து, சட்டென்று கூட்டைக் கீழே இறக்கினார். மேலே தூக்கிவைத்துக்கொண்டு தேடினால் மற்றக் குச்சிகளும் கெட்டுவிடுமாம். வெந்நீரில் கடிகாரம் பார்த்து முக்கால் நிமிடம். பிறகு டிஷ்யூவால் ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்தார். தண்ணீர் பட்டாலே விந்தணு செத்துவிடும் என்றார். ஊசிக் குழாயைக்கூடக் குளிர்ச்சி போகத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் குச்சியை மாட்டினார். செவலையின் பிறப்புறுப்பைத் துடைத்துவிட்டு, அவசரமே இல்லாமல், கருப்பை வாயைத் தாண்டியதும் நிறுத்தி மெல்ல அழுத்தினார்.

இவ்வளவு குளிரில் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டேன். கிளிசரின் கலப்பதால்தான் என்றார். 1949-ல் இங்கிலாந்தில் சேவல் விந்தை வைத்து ஆராய்ந்தபோது தெரியவந்த விஷயமாம். சேவலில் கண்டது என் செவலைக்கு உதவுகிறதே என்று அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவலைக்கு அந்தத் தடவை பிடிக்கவில்லை, அடுத்த பருவத்தில் பிடித்தது. வியாபாரிக்குப் போகவேண்டியவள் இன்று கன்றோடு நிற்கிறாள்.

ஆனால் இவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அவர் ஊசி போடாமல் திரும்பிய நாளில். கருப்பிக்கு ஊசி போட்டு இரண்டு மாதம் தாண்டியிருந்தது, அந்த வாரம்தான் சினை பார்க்க வருவதாக இருந்தார். திடீரென்று ஒரு காலை கருப்பி கத்துகிறாள், மற்ற மாடுகள்மேல் ஏறுகிறாள். போச்சு, நிற்கவில்லை என்று கூப்பிட்டேன். வந்தவர் குடுவையைத் திறக்கவே இல்லை. கையுறை போட்டு உள்ளே பார்த்துவிட்டு, "சினையா இருக்கு அக்கா. சில மாடு சினையிலயும் பருவம் காட்டும். இப்ப குழாயை உள்ள விட்டா கன்னு கலைஞ்சிடும்" என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. பழைய ஆள் வந்திருந்தால் நானே பிடித்துக்கொடுத்து அந்தக் கன்றைக் கொன்றிருப்பேன்.

பெண் கன்று பிறப்பதற்கென்று பிரித்த விந்தும் அவரிடம் உண்டு, முன்கூட்டிச் சொல்ல வேண்டும். செவலைக்குக் கேட்டபோது வேண்டாம் என்றார். சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு என்றால் பெண் கன்றுக் குச்சியில் 20 லட்சம் அளவில்தான் இருக்குமாம். பலமுறை தவறிய மாட்டுக்கு அது சரிப்படாது, நல்ல கிடேரிக்குப் போடலாம் என்றார். கிடேரிக்குப் போட்டோம், முதல் ஊசியிலேயே நின்று பெண் கன்று போட்டாள். பத்துக்கு ஒன்பது பெண்ணாக வரும் என்றாலும், பிறக்கும்வரை எனக்கு நெஞ்சு படபடப்புதான்.

குறையும் இருக்கிறது. கிடேரிக்காக முதலில் கொண்டுவந்த குச்சியில் இருந்த காளை எண், அவளுடைய அப்பன் காளையின் எண். செவலைக்கு அந்தக் காலத்தில் போட்ட காலிக் குச்சியை நான் நோட்டில் ஒட்டி வைத்திருந்ததால் பிழைத்தோம். அப்பனையே மகளுக்குப் போட்டால் வம்சம் என்ன ஆவது? வேறு காளை கொண்டுவர அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வீட்டு மாட்டுக்கும் என்ன காளை போட்டோம் என்று அவர்களே பதிவேடு வைக்க வேண்டும். என் நோட்டை நம்பியா இந்தத் தொழில் நடப்பது? இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போனை எடுப்பதில்லை. மாட்டின் பருவத்துக்கு ஞாயிறு தெரியாது. வெள்ளச்சிக்கு ஒரு பருவம் அப்படியே தவறியது.

வெள்ளச்சி விஷயத்தில் என் தப்பும் உண்டு. அவள் கத்தமாட்டாள், ஊமைப் பருவம். ராத்திரி படுக்கும்முன் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை, கண்ணாடி போல வழும்பு தொங்குகிறதா, வால் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் அவர்தான். இப்போது டார்ச்சோடு போய்ப் பார்க்கிறேன். மூன்றாவது ஊசி போட்டு இன்று 40 நாள். திரும்பப் பருவம் வரவில்லை. அடுத்த மாதம் சினை பார்க்க வருகிறார், நாள் குறித்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.