வின்ராரா, 7-ஜிப்பா: காசு கொடுக்க இன்னும் காரணம் இருக்கிறதா?

கோப்பு இன்னும் கொஞ்சம் சின்னதாக வேண்டும் என்பதற்காக, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான வின்ராரை வாங்க வேண்டாம். 1999 முதல் இலவசமாக வரும் 7-ஜிப், எல்இசட்எம்ஏ2 முறையில் வின்ராரின் ரார் வடிவத்துக்கு ஈடாகவே சுருக்கும். பல நேரம் அதையும் மிஞ்சும். ஆனால் ரேம் நிறையத் தின்னும்: மீண்டும் வரும் பகுதிகளைத் தேட நினைவில் வைத்திருக்கும் அளவான டிக்‌ஷனரியை 64 எம்பி வைத்தால் சுருக்கும்போது சுமார் 700 எம்பி அல்லது அதற்கு மேல் போகும். எம்பி4 வீடியோவை எதில் போட்டாலும் குறையாது, அது ஏற்கெனவே சுருங்கியது. ஜேபெக் படங்களை வின்ஜிப் என்ற இன்னொரு மென்பொருளின் ஜிப்எக்ஸ் வடிவம் தரம் கெடாமல் மேலும் சுருக்கும். பெறுபவரிடமும் அதைத் திறக்கும் மென்பொருள் இருக்க வேண்டும்.

ரார் கோப்பைத் திறக்கவும் காசு தேவையில்லை. 7-ஜிப் திறக்கும். கடவுச்சொல் இல்லாததை விண்டோஸ் 11 தானே திறந்துவிடும்.

காசுக்கு உண்மையான மதிப்பு வின்ராரின் மீட்புப் பதிவில்தான், அதாவது கெட்ட பகுதியைச் சரிசெய்ய காப்பகத்திலேயே (சுருக்கிய கோப்பிலேயே) சேர்க்கும் கூடுதல் தரவில்தான். 7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட் கோப்புகள் வழக்கமாக, பல கோப்புகளை ஒரே தொகுதியாகச் சேர்த்துச் சுருக்கும் ‘சாலிட்’ முறையில் உருவாகும். நடுவில் சில பைட் கெட்டாலே அந்தத் தொகுதியில் அதற்குப் பின்னால் உள்ளவை பெரும்பாலும் போய்விடும். 7-ஜிப் சிஆர்சி பிழை (தரவு கெட்டிருக்கிறது) என்று சொல்லும், சரிசெய்யாது. வின்ராரில் காப்பகம் உருவாக்கும்போதே மீட்புப் பதிவை டிக் செய்யுங்கள்; தானாக வராது. மறந்திருந்தால் ஆல்ட்+பி அழுத்திப் பிறகும் சேர்க்கலாம். 3 சதவீதம் வைத்தால் 10 ஜிபிக்கு 300 எம்பி கூடும், ஏறக்குறைய அந்த அளவு சேதத்தை ஆல்ட்+ஆர் மீட்டுத் தரும். பழைய ஹார்டு டிஸ்கில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கப்போகும் காப்பகத்துக்கு இது பெரிய துணை. டிஸ்க் முழுதாகப் போனால் மட்டும் இதுவும் உதவாது, இன்னொரு நகல் வேண்டும். இதே வேலையை இலவச பார்2 கருவிகளும் செய்யும்; அவற்றின் மீட்புத் தரவு தனிக் கோப்புகளாக இருப்பதால் நகலெடுக்கும்போது அவற்றை விட்டுவிடுவது சுலபம்.

கடவுச்சொல்லில் இலவசம் பின்தங்கவில்லை, இரண்டிலும் வலுவான ஏஇஎஸ்-256 குறியாக்கம் உண்டு. ஆனால் 7-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தால் முதலில் நிற்பது பலவீனமான ஜிப்கிரிப்டோ குறியாக்கம். நீங்களே மாற்ற வேண்டும். 7இசட் என்றால் கோப்புப் பெயர்களையும் மறைக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரியும்.

காசு கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டுமே தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகள் இரண்டிலும் அடைக்கப்பட்டன: வின்ராரில் 2025இன் 7.13, 7-ஜிப்பில் 24.09. அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

அலுவலகம் என்றால் கணக்கு வேறு. வின்ராரின் 40 நாள் சோதனைக் காலம் முடிந்தும் அது திறந்துகொண்டே இருக்கும், ஆனால் உரிமம் வாங்காமல் தொடர்வது விதிமீறல். மீட்புப் பதிவு தேவைப்படும் கணினிகளுக்கு மட்டும் உரிமம் வாங்கி, மற்றவற்றில் 7-ஜிப் போடுங்கள். வணிகப் பயன்பாட்டுக்கும் அது இலவசம்.