பழைய நெட்புக்கில் எது: ஆன்டிஎக்ஸா, நெட்பிஎஸ்டியா?

என் நெட்புக்கில் இருப்பது இன்டெல் ஆட்டம் என்270. 2008-இல் வந்த சிப், 1.6 கிகாஹெர்ட்ஸ், 32 பிட் மட்டும். ராம் 1 ஜிபி. ஆன்டிஎக்ஸ் (லினக்ஸ் வகை), நெட்பிஎஸ்டி (யூனிக்ஸ் வழி வந்தது) என்ற இரண்டு இலவச இயங்குதளங்களையும் இதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ஆன்டிஎக்ஸில், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிடையாது. பென்டிரைவில் போட்டால் நிறுவாமலே ஓடும். ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர நிர்வாகியின் திரை உடனே வரும், வைஃபை கிளிக்கில் முடியும். தமிழ் எழுத்துரு வேண்டுமா? மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை ஒன்று போதும்.

நெட்பிஎஸ்டி அப்படி மடியில் வந்து உட்காராது. பூட் ஆகும்போது கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்திகள் பச்சை எழுத்தில் ஓடி, கடைசியில் வெறும் லாகின் வரி நிற்கும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கோப்பில் நாமே எழுத வேண்டும். ஆனால் எந்தச் சேவை ஓட வேண்டும் என்பது ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பில் கண்ணெதிரே இருக்கிறது. கூடவே வரும் மேன் பக்கங்களை (கையேடுகள்) நிதானமாகப் படித்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மென்பொருளைத் தயார்நிலையில் இறக்கி நிறுவ பிகேஜின் என்ற கருவி போதும். பெரிய நிரலை இந்த ஆட்டம் சிப்பில் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய உட்காராதீர்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஆயுள். 2025-இல் வந்த டெபியன் 13, 32 பிட் பிசிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. ஆன்டிஎக்ஸ் 23 நிற்பது அதற்கு முந்தைய டெபியன் 12 மேல். 2024-இல் வந்த நெட்பிஎஸ்டி 10-இலோ 486 என்ற மிகப் பழைய 32 பிட் சிப்புக்கும் இடமுண்டு.

இன்றைய கனமான இணையதளங்களில் இரண்டுமே திணறும். வீட்டில் மற்றவர்களுக்கென்றால் ஆன்டிஎக்ஸ் போட்டுத் தருவேன். என் நெட்புக்கில் இருப்பது நெட்பிஎஸ்டி.