லிபரேட்டரும் கான்பெராவும்

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில், படையில் சேர விரும்பும் இளைஞர்கள், புனேயில் நான் பராமரித்த இரு குண்டுவீச்சு விமானங்களுள் எது சிறந்தது என்று கேட்பதுண்டு. போருக்குக் கான்பெரா என்பேன். என் மனம் நிற்பதோ லிபரேட்டரிடம்.

அதற்கு நான்கு பிஸ்டன் என்ஜின்கள். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் என மொத்தம் 112 பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டி முடிப்பதற்குள், வேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கே உடல் சோர்ந்துவிடும். உலகப்போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் மீட்டுப் பறக்கவைத்தார்கள் என்பதாலேயே, அதைத் தொடும்போதெல்லாம் எனக்குள் மரியாதை எழும். கடை ஷட்டரைப் போல விமான உடலை ஒட்டி மேலேறும் அதன் குண்டறைக் கதவுகளின் அழகை நான் இன்னும் மறக்கவில்லை.

கான்பெராவுக்கு இரண்டே ஜெட் என்ஜின்கள். வேகத்திலும் உயரத்திலும் லிபரேட்டர் அதற்கு இணையாகாது. லிபரேட்டர் 1968-இல் ஓய்வுபெற, 1957-இல் நம் விமானப்படைக்கு வந்த கான்பெரா 2007 வரை பணியாற்றியது. என்ஜினைத் துவக்குவதற்கென்றே பொருத்தப்படும் வெடிமருந்துத் தோட்டா வெடித்து, கான்பெராவின் என்ஜின் சுழலத் தொடங்கும் கணத்தில், கரும்புகை சீறிக்கொண்டு வெளிவரும்; அந்த ஓசைக்காகவே விடியற்காலைப் பணியை நான் விரும்பிக் கேட்டுப் பெற்றிருக்கிறேன்.