வெள்ளைப் பூவா, மஞ்சள் பூவா, அஞ்சறைப்பெட்டிக் கடுகா? டர்பனில் காரக்கீரை வளர்ப்பு

சாலட்டில் போடும் காரமான அருகுலா கீரையை அந்தப் பெயரில் கேட்டால் எங்கள் ஊர் நர்சரியில் முழிப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அதற்கு ராக்கெட் என்றுதான் பெயர். லத்தீனில் எரூகா என்று இருந்த சொல் இத்தாலி, பிரான்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனபோது அப்படி ஆகிவிட்டது. வானத்தில் போகும் ராக்கெட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் அம்மா வைத்த பெயர் காரக்கீரை. ஒரு இலையை மென்று பார்த்தவர்கள் அந்தப் பெயரைத்தான் ஒப்புக்கொள்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், ராக்கெட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகளை விற்கிறார்கள். ஒன்று சாலட் ராக்கெட், தாவரவியல் பெயர் எரூகா சட்டைவா. இன்னொன்று வைல்ட் ராக்கெட், டிப்ளோடாக்சிஸ் டெனுய்ஃபோலியா. போதாக்குறைக்கு, கிட்டத்தட்ட அதே காரத்தைச் செலவில்லாமல் தரக்கூடிய மூன்றாவது ஆள் அஞ்சறைப்பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது கடுகு. நாலு வருடமாக இந்த மூன்றையும் பின்வாசலில் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துவருகிறேன். சண்டை மூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரிதான்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். விதையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். தாளிக்கிற கடுகு போலவே தெரிந்து, நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தால் அது சாலட் ராக்கெட். கசகசா போலப் பொடியாக இருந்து, விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொண்டால் வைல்ட். இலையிலும் தெரியும். சாலட் ராக்கெட் இலை அகலம், ஓரம் வட்ட வட்டமாக வெட்டியிருக்கும். வைல்ட் இலை ஒடுங்கி, ரம்பம் மாதிரி இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் பூக்கும்வரை காத்திருக்கலாம். முதலாவதற்கு வெள்ளைப் பூ, இதழில் கருஞ்சிவப்பு நரம்பு ஓடும். இரண்டாவதற்கு மஞ்சள். எங்கள் வீட்டில் வெள்ளைப் பூ, மஞ்சள் பூ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இனி இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

வேகத்தில் கடுகை யாரும் ஜெயிக்க முடியாது. மூன்றாம் நாள் முளைத்து, நாலு வாரத்தில் கிள்ளத் தயாராகிவிடும். வெள்ளைப் பூ நாலைந்து நாளில் முளைக்கும், ஐந்து வாரத்தில் சாலட் தட்டுக்கு வரும். மஞ்சள் பூ நம் பொறுமையைச் சோதிக்கும். முளைக்கவே பத்து நாள் ஆகலாம். அப்புறமும் ஒரு மாதம் சும்மா தரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதல் முறை போட்டபோது செத்துவிட்டது என்று நினைத்து மண்ணைக் கொட்டப் போனேன், அம்மா தடுத்துவிட்டாள். எட்டு வாரத்தில் முதல் அறுவடை. ஆனால் ஒன்று, வெள்ளைப் பூவும் கடுகும் ஒரு பருவத்துச் செடிகள், பூத்துக் காய்த்தால் ஆட்டம் முடிந்தது. மஞ்சள் பூவோ பல வருடம் இருக்கக்கூடியது. என்னிடம் இருப்பதில் ஒரு செடிக்கு மூன்று வயது, அடித்தண்டு சுள்ளி போல ஆகிவிட்டது, இன்னும் துளிர்க்கிறது.

நான் பட்ட பாடு டிசம்பரில். பள்ளி விடுமுறை, கையில் நேரம் இருந்தது. ஒரு கடையில் வெறுமனே 'ராக்கெட்' என்று மட்டும் அச்சடித்த பாக்கெட் வாங்கி ஒரு பாத்தி முழுக்கத் தூவினேன். மூன்று வாரத்தில் அடர்ந்து வந்துவிட்டது, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலாவது வாரம் ஒவ்வொரு செடியின் நடுவிலும் ஒரு தண்டு விறுவிறுவென்று எழும்பியது. ஐந்தாவது வாரம் பாத்தி முழுக்க வெள்ளைப் பூ, தேனீக்களுக்குக் கொண்டாட்டம். இலையை வாயில் வைத்தால் வேப்பிலை தேவலாம் போலிருந்தது. பாக்கெட்டின் பின்புறம் 'ஆண்டு முழுவதும் விதைக்கலாம்' என்று போட்டிருந்தது. எழுதியவர் டர்பன் பக்கமே வந்ததில்லை போலும்.

தப்பு என்னுடையதும்தான். இந்தச் செடியைப் பூக்கத் தூண்டுவது நீண்ட பகலும் வெப்பமும். பூமியின் தென்பாதி என்பதால் இங்கே டிசம்பர்தான் கோடை, ஜூன் குளிர்காலம். டர்பனில் டிசம்பர் கடைசியில் பகல் 14 மணி நேரம். ஜூனில் 10 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கோடையில் ராத்திரியும் புழுக்கம் குறையாது. ஜூன், ஜூலையில் மழை குறைவு, பகலில் 23 டிகிரி, விடிகாலையில் 11, 12 டிகிரி. வெள்ளைப் பூவுக்கு இதைவிடச் சொகுசு கிடையாது. ஆகவே எங்கள் கடற்கரைப் பக்கம் அதை மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்க வேண்டும். மஞ்சள் பூவும் கோடையில் பூக்கத்தான் செய்யும். ஆனால் தண்டை வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி இலை விடும், 40 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்தால் ஜனவரியிலும் ரொட்டிக்குள் வைக்க இலை இருக்கும். கடுகுக்குக் கோடை என்றால் வெள்ளைப் பூவைவிட அவசரம், இளசாகவே பறித்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கு டர்பனோடு சரி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அக்காவிடம் இதையே சொல்லி ஜூன் மாதம் விதைக்க வைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் காலை ஏழு மணிக்குப் போன். "ஏன்டா தம்பி, உன் பேச்சைக் கேட்டேன் பாரு, எல்லாம் கண்ணாடி மாதிரி விறைச்சு நிக்குது!" ஜோகன்னஸ்பர்க் வட்டாரம் 1,500 மீட்டருக்கு மேலே உள்ள பீடபூமி, அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். வேடிக்கை என்னவென்றால், அவளிடம் முன்பே வளர்ந்து நின்ற செடிகள் பத்து மணி வெயிலில் தலைதூக்கிவிட்டன. லேசான உறைபனியை இரண்டு வகை ராக்கெட்டும் தாங்கும். போனது நேற்று முளைத்த பொடிசுகள்தான். இப்போது அவள் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை விதைக்கிறாள், கடுங்குளிர் ராத்திரிகளில் பழைய போர்வையைப் போர்த்துகிறாள்.

எதில் வளர்ப்பது என்பதிலும் போட்டி உண்டு. தென்னாப்பிரிக்காவில் எந்த இந்திய வீட்டிலும் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா இல்லாமல் இருக்காது, திறந்தால் ஐஸ்கிரீம் இருக்காது, போன வாரத்துக் குழம்பு இருக்கும். அதில் ஒன்றின் அடியில் ஆறு ஓட்டை போட்டால் கடுகுக்கும் வெள்ளைப் பூவுக்கும் போதும், இளம் இலையாகப் பறிப்பதாக இருந்தால். சமையலறை ஜன்னலோரம் வைக்கலாம், ஆனால் நாலைந்து மணி நேரமாவது வெயில் படவேண்டும், இல்லாவிட்டால் நூல் நூலாய் நீண்டு சாய்ந்துவிடும். மஞ்சள் பூவின் ஆணிவேர் ஆழமாக இறங்கும், டப்பாவில் வைத்தால் ஏமாற்றம்தான். நான் பெயின்ட் வந்த 20 லிட்டர் வாளியைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, ஒரு வாளிக்கு மூன்று செடி வைத்திருக்கிறேன்.

தரையில் போடுவதற்கு நான் எதிரி. காரணம் ஹடீடா. விடிகாலையில் ஊரையே எழுப்புகிற அந்தப் பறவைக்கு, நீங்கள் கிளறி நீர் ஊற்றிய பாத்தி என்றால் விருந்து. வளைந்த நீண்ட அலகை மண்ணுக்குள் விட்டு விட்டு எடுக்கும், அது தேடுவது புழு. நாற்றுகள் அதன் வழியில் இருந்தால் அவை பறந்து போய் ஒரு அடி தள்ளி விழும். பாத்தியை வலை போட்டு மூடினால் தப்பிக்கலாம். வாளிப் பக்கம் அது வந்ததில்லை. குரங்குகள் எங்கள் தக்காளியையும் கொய்யாவையும் விட்டுவைத்ததே இல்லை, ஆனால் இந்தக் காரம் அவைகளுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு தடவை ஒரு குட்டி கிள்ளி மென்று துப்பிவிட்டுப் போனது.

பூச்சி விஷயத்தில் முதலில் விழுவது கடுகு. பக்ராடா என்றொரு நாவாய்ப்பூச்சி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கும், ஆப்பிரிக்காவே அதன் சொந்த ஊர். முட்டைக்கோஸ் குடும்பம் எதைக் கண்டாலும் சாற்றை உறிஞ்சி இலையில் வெள்ளைத் திட்டு போட்டுவிடும். என் வாளிகளில் முதலில் கடுகில் ஏறி, அப்புறம் வெள்ளைப் பூவுக்குத் தாவியது. மஞ்சள் பூவை அவ்வளவாகத் தொடவில்லை. இதைக் கவனித்த பிறகு கடுகை ஒரு ஓரத்தில் தூண்டில் மாதிரி வைத்து, பூச்சி சேர்ந்ததும் செடியோடு பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுகிறேன். இலையில் ஊசி குத்தினாற்போலப் பொடி ஓட்டைகள் இருந்தால் அது தத்துவண்டு. சாப்பிட அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

உரத்தில் கஞ்சத்தனம் நல்லது. இங்கே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 2:3:2 என்ற கலப்பு உரத்தை வாங்குவார்கள், இலை வேண்டுமென்றால் எல்.ஏ.என். என்ற 28 சதவீத நைட்ரஜன் உரத்தை ஒரு பிடி வீசுவார்கள். ராக்கெட் இலையில் இயல்பாகவே நைட்ரேட் அதிகம் சேரும், மேலும் ஊட்டத் தேவையில்லை. ஒரு வருடம் அப்படிச் செய்ததில் இலை வெற்றிலை அகலத்துக்கு வந்தது, வாயில் வைத்தால் வெறும் தண்ணீர். மக்கிய கோழி எருவை நடும்போது ஒரு முறை கலந்தால் போதும்.

விதையா, நாற்றா? வெள்ளைப் பூவை நாற்றாக வாங்குவது வீண் செலவு. ஐந்து நாளில் முளைப்பதற்கு எதற்குக் காசு? தட்டில் பல நாள் நெருக்கியடித்துக் கிடந்த நாற்று, நட்ட மறுவாரமே பூத்துவிடும் அபாயமும் உண்டு. மஞ்சள் பூவுக்கு நாற்று கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், ஒரு மாதக் காத்திருப்பு மிச்சம். விதைதான் கிடைத்தது என்றால் மணலோடு கலந்து மேலாகத் தூவி, உள்ளங்கையால் அழுத்தினால் போதும், மண் போட்டு மூடாதீர்கள். கடுகுக்கு இந்தக் கவலையே இல்லை. பத்துக் கடுகை ஈரத்துணியில் முடிந்து வைத்து, ஏழெட்டு முளைத்தால் மீதியைத் தூவவேண்டியதுதான்.

சுவை என்று வரும்போது அம்மாவும் நானும் இரண்டு கட்சி. எனக்கு மஞ்சள் பூ. இலையைக் கிள்ளியதும் எள் வறுத்த மாதிரி ஒரு வாசனை, கடித்ததும் மிளகுக் காரம், அது மூக்கு வரை ஏறும். வெள்ளைப் பூ அதே ராகத்தை மெதுவாகப் பாடும், குழந்தைகளுக்கு அது போதும். இந்தக் காரம் முழு இலையில் கிடையாது; இலை கசங்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்து உண்டாகிறது. அடுப்பில் வைத்தால் அதை உண்டாக்கும் நொதி செத்துவிடும். அதனால் ராக்கெட்டைப் பொரியல் செய்தால் வெறும் பசலை மாதிரி ஆகிவிடுகிறது. பருப்புக் கடையலில் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு, நறுக்கித் தூவ வேண்டும். ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பும் டர்பன் பண்டமான பனி சௌவுக்குத் (bunny chow) தொட்டுக்கொள்ளும் கேரட், வெங்காயச் சம்பலில் ஒரு கைப்பிடி கலந்து பாருங்கள், ஆட்டுக்கறி நெய்ப்புக்கு அது நல்ல ஜோடி.

அம்மாவுக்கு இதெல்லாம் வெள்ளைக்காரன் கீரை. ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் இதே வெள்ளைப் பூச்செடியைத் தாராமிரா என்று எண்ணெய்க்காகப் பயிரிடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. 1860-இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி பயிரிட்டுத்தான் பிழைத்தார்கள், எங்கள் ஆயா வீட்டிலும் அதே கதை. ஆயா கொல்லையில் கடுகு தூவிக் கீரை பறித்ததைப் பார்த்து வளர்ந்தவள் அம்மா. பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து வதக்கினால் கடுகுக்கீரைக்குப் பக்கத்தில் ராக்கெட் நிற்க முடியாது என்பாள். வதக்குவதில் அவள் சொல்வது சரிதான்.

ஒரே ஒரு வாளிக்குத்தான் இடம் என்றால், டர்பன் பக்கம் இருப்பவர்கள் மஞ்சள் பூவை வையுங்கள். இரண்டாவது வாளி கிடைத்தால் ஏப்ரலில் வெள்ளைப் பூ. லெனேசியா மாதிரி குளிர் ஊர் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம், அங்கே வெள்ளைப் பூவுக்கு வருடத்தில் இரண்டு நல்ல பருவம் கிடைக்கிறது.

போன வாரம் அக்காவுக்கு அனுப்ப இரண்டு உறையில் விதை கட்டினேன். வெள்ளைப் பூவின் காய்ந்த நெற்றை உள்ளங்கையில் கசக்கி ஊதியது ஒன்று, மஞ்சள் பூ ஒன்று. ஒட்டும் முன் வந்து பார்த்தால் மேஜையில் மூன்று உறை இருந்தன. மூன்றாவதில் அஞ்சறைப்பெட்டிக் கடுகு, மேலே அம்மாவின் கையெழுத்தில் 'கீரை' என்று மட்டும்.